ஒற்றை கார்ப்ரேட்டரா, ரெட்டையா? அம்பாசடருக்கு மேனிஃபோல்ட் தேடிய கதை

பெரியப்பாவின் 1972 மார்க் 2 அம்பாசடர் இஞ்சினை இறக்கியபோது போரிங், பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கார்ப்ரேட்டர் கலந்து தருகிற காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகிற குழாய், அதாவது இன்டேக் மேனிஃபோல்ட், மட்டும் கணக்கில் வரவில்லை. கழற்றி, கழுவி, திரும்ப மாட்டுகிற சாமான்தானே என்ற நினைப்பு. கடைசியில் மற்ற எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியெடுத்தது அதுதான். ஒன்றை மாட்டி எட்டு மாதம் ஓட்டிவிட்டு, கழற்றி இன்னொன்றுக்குப் போனவன் நான். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வண்டியோடு வந்த பழைய மேனிஃபோல்டையே சரிசெய்து, அதன் ஒற்றை எஸ்.யூ. கம்பெனி எச்.எஸ்.2 கார்ப்ரேட்டரோடு ஓட்டுவது முதல் வழி. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் வருகிற மாதிரி அலுமினிய மேனிஃபோல்டில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. இரண்டை மாட்டுவது இரண்டாவது. படுத்தவாக்கில் நிற்கும் வெபர் 45 டி.சி.ஓ.இ. கார்ப்ரேட்டர் மூன்றாவது.

எம்.ஜி. சாமான் அம்பாசடரில் எப்படி உட்காரும் என்று கேட்பார்கள். இரண்டிலும் இருப்பது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் இஞ்சின், அதே 1489 சி.சி. 1955ல் எம்.ஜி.ஏ. வந்தபோது அதற்கு 68 குதிரைத்திறன். நம்ம அம்பாசடருக்குச் சுமார் 50. நடுவில் இருக்கிற 18 குதிரையும் அந்த ரெட்டை கார்ப்ரேட்டரில்தான் ஒளிந்திருக்கிறது என்று நம்பித்தான் நான் காசைப் போட்டேன். ஆனால் கம்ப்ரஷனில் தொடங்கி சைலன்சர் வரை எத்தனையோ சேர்ந்து இழுத்த இழுப்பு அது. மேனிஃபோல்டின் பங்கு அதில் ஒரு பங்குதான்.

வெபரை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அது பந்தயக்காரர்களின் சாமான். சோழவரம் விமானத் தளத்தில் கார் ஓடிய காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே உடம்பு சிலிர்க்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஒருமுறை போயிருக்கிறேன். உத்தண்டி தாண்டியதும் அது உறுமிய உறுமல் இன்னும் காதில் இருக்கிறது. என் அனுபவம் அந்த ஒரு சவாரியோடு சரி. மெயின் ஜெட், ஏர் ஜெட், எமல்ஷன் குழாய், வெஞ்சுரி என்று ஒவ்வொன்றையும் அளவு பார்த்து மாற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் நான் கும்பிடு போட்டுவிட்டேன். எஸ்.யூ.வில் ஒரு ஜெட் (பெட்ரோல் வருகிற துளை), அதன் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஊசி, ஒரு பிஸ்டன். அது போதும் எனக்கு.

இனி ரெட்டை எஸ்.யூ. அதைத்தான் முதலில் மாட்டினேன். பானெட்டைத் திறந்தால் கார்ப்ரேட்டர்களின் இரண்டு கும்பாக்களும் கோயில் கலசம் போல மின்னும். பெட்ரோல் போடுகிற பையன்கூட நின்று பார்ப்பான். அழகில் அதை மிஞ்ச ஆளில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. கத்திப்பாராவிலும் வடபழனியிலும் எதுவும் தெரியவில்லை. ஊருக்குள் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற வண்டிக்கு எத்தனை கார்ப்ரேட்டர் இருந்தால் என்ன? லிட்டருக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டர்தான் கொடுத்தது. இப்போது ஒற்றையில் ஒன்பது தாண்டுகிறது.

இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற வேலை வேறு. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்ப்ரேட்டர் வாயிலும் வைத்து, 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையின் பாய் முதல் நாளே சொன்னார்: "ரெண்டு குக்கர ஒண்ணா அடுப்புல ஏத்திட்டு எது எத்தினி விசில் உட்டுச்சுன்னு எண்ணிக்கினு இருப்பியா சார்?" எண்ணத்தான் எண்ணினேன், மாதம் ஒருமுறை. அதுகூட எனக்குப் பிடித்த வேலைதான், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. அதற்காக நான் அதைக் கழற்றவில்லை.

கழற்ற வைத்தது காற்றுக் கசிவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பி-சீரிஸ் சிலிண்டர் ஹெட்டில் கலவை உள்ளே போகிற இன்டேக்கும் புகை வெளியே வருகிற எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். நான்கு சிலிண்டருக்கு இன்டேக் வாய் இரண்டே இரண்டு: ஒன்றும் இரண்டும் ஒரு வாயில், மூன்றும் நான்கும் இன்னொரு வாயில். இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் தாங்குவது ஒரே வரிசை ஸ்டட்கள், அதாவது தலையில்லாத போல்ட்டுகள். ஸ்டட்டின் மேலே இன்டேக் விளிம்பு, கீழே எக்ஸாஸ்ட் விளிம்பு, இரண்டின் மேலும் பாலம் போல ஒரு தடித்த வாஷர், அதன் மேல் நட். இரண்டு விளிம்பும் ஒரே தடிமனாக இருந்தால் வாஷர் சமமாக அமுக்கும். ஒன்று அரை மில்லிமீட்டர் கூடினாலும் வாஷர் சாய்ந்து, தடித்த பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பக்கம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஸ்டட்தான் வளையும்.

புதிதாக வந்த அலுமினிய இன்டேக்கையும் ஐம்பது வருஷத்துப் பழைய எக்ஸாஸ்டையும் ஜோடி சேர்த்தால் தடிமன் எப்படி ஒத்துப்போகும்? எனக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம் இருந்தது. லேத் பட்டறையில் வாஷர்களைப் படி வைத்துக் கடைந்து வாங்கினேன். இரண்டு மாதம் தாங்கியது. பிறகு காலையில் ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடுகிற ஓட்டம்) தள்ளாட ஆரம்பித்தது. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற பேக்கிங்கை மாற்றினேன், மறுபடி இரண்டு மாதம். சூட்டில் அலுமினியம் விரிகிற விரிவு இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே வாஷருக்கு அடியில் ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது. தினமும் சூடேறி ஆறுகிற வண்டியில் பிடி தளராமல் என்ன செய்யும்?

கசிந்தால் கொஞ்சம் ஐட்லிங் தள்ளாடும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. வாய் இரண்டே என்பதால் ஒரு ஓட்டை இரண்டு சிலிண்டரைக் கெடுக்கும். கார்ப்ரேட்டர் வழியாக வராத காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறையும். கலவை மெலிந்தால் சூடு ஏறும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இதற்குச் சுமார் 13.5 போதும். பழைய ஊசியும் பழைய ஜெட் அளவும் அப்படியே இருந்தால் கலவை ஏற்கனவே மெலிந்துதான் இருக்கிறது. அதன் மேல் கசிவும் சேர்ந்தால் புதிதாக உட்கார வைத்த வால்வுக்கு ஆயுள் எவ்வளவு? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்றும் இரண்டும் வெள்ளையாக, மூன்றும் நான்கும் பழுப்பாக இருந்தன. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பழைய மேனிஃபோல்டில் இந்தச் சண்டை இல்லை. என் வண்டியில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் நடுவே போல்ட்டால் பிணைந்து ஒரே உருப்படியாக இருந்தன. விளிம்புகள் ஆதியிலிருந்தே ஒன்றுக்கொன்று பொருந்தியவை. ஆனால் அப்படியே எடுத்து மாட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் நடுப்பகுதி 0.3 மில்லிமீட்டர் பள்ளம். செய்ய வேண்டியது இதுதான்: முகத்தைச் சீவி மட்டமாக்குகிற ஃபேசிங் வேலையை இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கக் கூடாது. முதலில் ஹெட்டில் கையால் முறுக்கி உட்கார வைத்து, பிறகு நடு போல்ட்டை இறுக்கி, கழற்றி, ஜோடியாகவே மில்லிங் மிஷினில் ஏற்ற வேண்டும். கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அரை நாளில் முடித்துக் கொடுத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது. ரெட்டை செட்டுக்கு நான் கொட்டியதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இன்டேக்கும் எக்ஸாஸ்டும் பிணைந்த நடு இடத்தில் எக்ஸாஸ்டின் சூடு இன்டேக்குக்கு ஏறும். அந்த இடத்தை, ஹாட் ஸ்பாட்டை, சென்னை வெயிலுக்கு எதற்கு என்று கேலி செய்பவர்கள் உண்டு. நானும் கேலி செய்தவன். இங்கிலாந்துக் குளிருக்கு வைத்தது, மே மாதத்தில் இங்கே அதற்கு என்ன வேலை என்று. ஆனால் எத்தனால் ஆவியாக, அதே எடைப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலே சூடு வேண்டும். மழைக்காலக் காலைகளில் ரெட்டை செட் ஓடியபோது குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கைத் தெருமுனை தாண்டியும் உள்ளே தள்ள முடியவில்லை. ஒற்றையில் கேட்டைச் சாத்திவிட்டு வருவதற்குள் தள்ளிவிடலாம். வெயில் காலத்தில் டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் முரண்டு பிடிக்கிற நோய் இரண்டுக்கும் பொதுதான். எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே கார்ப்ரேட்டர் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்? சூட்டைத் தடுக்க அடியில் ஒரு தகடும் கனமான பேக்கலைட் ஸ்பேசரும் வைத்த பிறகு பாதி குறைந்தது.

விற்கிற நினைப்பு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021ல் விதி கொண்டுவந்தது. வண்டி ஆதி நிலையில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகிறவர்கள் பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போடாமல் இருப்பது நல்லது.

கசிவு பார்க்க மண்ணெண்ணெய் தெளிக்கிற பழக்கம் நம்ம பட்டறைகளில் இருக்கிறது. கீழேயே எக்ஸாஸ்ட் பழுக்கக் காய்ந்து கிடக்கும்போது அது விபரீதம். இஸ்திரிக்காரர் வைத்திருக்கிற மாதிரி தண்ணீர் ஸ்பிரேயர் போதும். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, பேக்கிங் ஓரமாகத் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். புது பேக்கிங் போட்டபின் நடுவிலிருந்து இரண்டு ஓரமாக நட்டுகளை இறுக்கி, ஒரு நாள் ஓட்டி ஆறவிட்டு மறுபடி ஒரு சுற்று.

ரெட்டை செட் இப்போது பரணில், பழைய தினத்தந்திக்குள் இருக்கிறது. ஆவடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வண்டி கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டி, அவருக்கு ஒத்துவரும். அவருடைய எக்ஸாஸ்ட் விளிம்பை அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். நான் கடைந்து வைத்திருக்கிற வாஷர்கள் அவருக்குப் பொருந்தப் போவதில்லை.