அப்பாவின் மேசைக் கணினிக்கு டெபியனா, ஆர்ச்சா?

ஊரில் அப்பா பயன்படுத்தும் மேசைக் கணினிக்கு லினக்ஸ் என்று முடிவான பிறகு, எந்த லினக்ஸ் என்பதுதான் பாக்கி. டெபியன், ஆர்ச் இரண்டும் லினக்ஸின் வகைகள். என் மடிக்கணினியில் பல காலமாக ஆர்ச் ஓடுகிறது. அதையே அங்கும் போட்டால் எனக்குச் சுலபம். ஆனாலும் டெபியன் 13-ஐத்தான் போட்டேன். வேகமோ அழகோ காரணமில்லை. அந்தக் கணினி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும். மறுபடி இயக்கும்போது, வந்து சேரும் அப்டேட் அசல்தானா என்று அது தானாகவே சரிபார்த்து நிறுவிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்காது.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். லக்ஸ் மூலம் வட்டு முழுவதையும் பூட்டுவது இரண்டிலும் முடியும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறுக்க யூஎஃப்டபிள்யூ இரண்டிலும் உண்டு. இரண்டிலும் நாம்தான் அதை இயக்கிவிட வேண்டும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் தேவையில்லை என்றால் நிறுவாமல் விடுங்கள். நிரல்கள் எல்லை மீறாமல் தடுக்கும் ஆப்ஆர்மர் மட்டும் வேறுபடுகிறது: டெபியனில் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே தானாக இயங்குகிறது, ஆர்ச்சில் நாமே எழுப்ப வேண்டும்.

முதலில் இறக்கும் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ விஷயத்தில் இரண்டும் சமம்; இரண்டுக்கும் ஜிபிஜி கையொப்பம் (ரகசியச் சாவியால் இடும் மின்னணுக் கையொப்பம்) கிடைக்கிறது. பலர் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் ஐஎஸ்ஓவின் சுட்டியைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கைப்பற்றியவருக்கு அதே பக்கத்தில் இருக்கும் ஹாஷை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

இனி முடிவைத் தீர்மானித்த விஷயம். டெபியனில் பொதுவாக ஒவ்வொரு பேக்கேஜிலும், அதாவது மென்பொருள் மூட்டையிலும், தனிக் கையொப்பம் இருக்காது. ‘இன்ரிலீஸ்’ என்ற கோப்பில்தான் கையொப்பம். அதற்குள் பேக்கேஜ் பட்டியல்களின் ஷா256 ஹாஷ், பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ். இந்தச் சங்கிலியில் ஒரு பைட் மாறினாலும் டெபியனின் நிறுவும் கருவியான ஏப்ட் நிறுவாது. கையொப்பமிடும் சாவி, பேக்கேஜ்களை வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு உரியது, தனி ஆளுடையது அல்ல, ஆண்டுக்கணக்கில் செல்லும்.

ஆர்ச்சில் ஒவ்வொரு பேக்கேஜிலும் அதைத் தயாரித்தவரே கையொப்பமிடுகிறார். அவருடைய சாவியை நம்ப வேண்டுமானால், ஆர்ச்சின் முதன்மைச் சாவிகளில் குறைந்தது மூன்று சாவிகளாவது அதற்குச் சான்று சொல்லியிருக்க வேண்டும். கொள்கையாகப் பார்த்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். எந்தப் பேக்கேஜ் யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடுகிறது. சிக்கல் பராமரிப்பில். ஆட்கள் வருவார்கள், போவார்கள், சாவியைப் புதுப்பிப்பார்கள். அதற்கேற்ப, நம்பும் சாவிகளின் தொகுப்பான ‘ஆர்ச்லினக்ஸ்-கீரிங்’ பேக்கேஜும் மாறிக்கொண்டே இருக்கும். அரை வருடம் அணைந்து கிடந்த கணினிக்குப் புது ஆளின் சாவி தெரியாது. உடனே ‘அன்னோன் டிரஸ்ட்’ என்று ஆர்ச்சின் நிறுவும் கருவியான பேக்மேன் அத்தனையையும் நிறுத்திவிடும். சாவிகளை வாரம் ஒருமுறை புதுப்பிக்க ஒரு டைமர் இருக்கிறது, ஆனால் கணினி ஓடினால்தானே அது ஓடும்!

தீர்வு பெரிய வித்தை இல்லை. கீரிங்கை முதலில் புதுப்பித்துவிட்டு, அப்புறம் மொத்த அப்டேட். எனக்கு இரண்டு வரி வேலை. அப்பாவுக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு, அதுவும் நான் எடுத்தால். எடுக்காவிட்டால்? தெரிந்த பையன் யாராவது வந்து, கையொப்பம் பார்க்கச் சொல்லும் ‘சிக்லெவல்’ வரியை ‘நெவர்’ என்று மாற்றிவிட்டுப் போவான். பிழைச்செய்தி மறைந்துவிடும், சரிபார்ப்பும் அதோடு போய்விடும். பராமரிப்புச் சிரமம் பாதுகாப்பு ஓட்டையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டெபியனில் தானாக அப்டேட் செய்யும் ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ போட்டுவைத்தால் போதும். ஏப்டின் தினசரி டைமர் தவறவிட்ட வேலையை நினைவில் வைத்திருந்து, கணினி எழுந்ததும் செய்துவிடும். வேலை முடிந்ததும் கணினியை அணைத்துவிடுவது அப்பாவின் பழக்கம். அதனால் புதுக் கர்னலுக்கு ரீபூட் செய்யச் சொல்லி நினைவூட்டும் தொல்லையும் இல்லை.

பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் கொடுத்து ஓட்டையை அடைக்க விடாமல் வைத்திருக்கும் மிரரை (களஞ்சியத்தின் நகல் சர்வரை) என்ன செய்வது? டெபியன் பாதுகாப்புக் களஞ்சியத்தின் கையொப்பமிட்ட கோப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். அதற்கு மேல் பழையதைக் காட்டினால் ஏப்ட் ஏற்காது. ஆர்ச் தன் பட்டியலில் கையொப்பமிடுவதில்லை, பேக்கேஜில் மட்டுமே. தேதி பார்க்கும் இந்தக் கண்டிப்புக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: பழைய கணினியில் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போனால், நல்ல கோப்பையே ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஏப்ட் தள்ளிவிடும். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

கையொப்பத்தால் பிடிக்க முடியாததும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பின்கதவு, அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளர் ஒருவர் வழியாகவே 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் வந்தது. மூட்டையின் முத்திரை உடையவில்லை, கல் உள்ளேயே இருந்தது. டெபியனின் சோதனைக் கிளையான டெஸ்டிங் வரை வந்த அது, பொதுப் பயன்பாட்டுக்கான ஸ்டேபிளைத் தொடவில்லை, தாமதமே காப்பாற்றியது. ஆர்ச் அந்தப் பதிப்புகளை வெளியிட்டிருந்தது. ஆனால் அதன் எஸ்எஸ்எச் சர்வரான ஓபன்எஸ்எஸ்எச், எக்ஸ்இசட்டின் லைப்ரரியோடு இணைக்கப்படாததால், தெரிந்த தாக்குதல் வழி அங்கே திறக்கவில்லை. ஆர்ச்சுக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்.

ஆர்ச்சின் ஏயூஆர் களஞ்சியத்தைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல மாட்டேன். பயனர்களே ஏற்றும் இடம் அது. பேக்கேஜைக் கட்டும் ஸ்கிரிப்டில் இருக்கும் ஹாஷையும் அதே ஆள்தான் எழுதுகிறார். அது பொருந்துவதால் அவர் நல்லவர் என்று ஆகாது. 2018-இல் ‘அக்ரோரீட்’ பேக்கேஜில் தீய நிரல் புகுந்தது. 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரிவுல்ஃப் திருத்தங்கள் என்ற பெயரில் வந்தவை தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் நிரலை இறக்கின. ஸ்கிரிப்டைப் படித்துப் பார்ப்பவருக்கு ஏயூஆர் நல்ல வசதி. படிக்காதவர் வீட்டில் அதை வைக்காதீர்கள்.

டெபியனில் மென்பொருள் பழசு, சந்தேகமே இல்லை. ஓட்டைகளுக்கான திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடுவார்கள், எண் பழசாகவே தெரியும். நேற்று வந்த கிராபிக்ஸ் கார்டு உங்களிடம் இருந்தால் ஆர்ச்தான் தோது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸை நான் தினசரி வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை, அதனால் ஒன்றே ஒன்று: அதன் ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 13 மாதம், டெபியனுக்கு 3 ஆண்டும் அப்புறம் நீண்டகால ஆதரவாக 2 ஆண்டும். அப்பாவின் கணினிக்கு இந்தக் கணக்கு போதும்.

டெபியனைத் தேர்ந்தவர்கள் இந்த ஆதாயத்தைக் கெடுத்துக்கொள்வது வெளிக் களஞ்சியங்களால். அவற்றின் சாவியை ‘டிரஸ்டட்.ஜிபிஜி.டி’ கோப்புறைக்குள் போட்டால் அது எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லும். ‘சைன்ட்-பை’ வரியில் கொடுத்தால் அந்த ஒன்றுக்கு மட்டும். அப்போதும்கூட அந்தக் களஞ்சியம் எந்தப் பேக்கேஜுக்கும் உயர்ந்த பதிப்பு எண்ணைக் காட்டி உள்ளே வரலாம். நிறுவும் ஸ்கிரிப்டுகள் ரூட் உரிமையில் ஓடும். ஏப்டில் அந்தக் களஞ்சியத்தின் முன்னுரிமையை (‘பின்’ அமைப்பு) குறைத்து வைத்தால், உயர்ந்த எண்ணைக் காட்டி நுழையும் வழி அடைபடும். அந்தச் சாவி காலாவதியானால் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும், அந்த நிரல் அதோடு அப்டேட் ஆகாமல் நின்றுவிடும். அதை யார் படிப்பது? அப்பாவின் கணினியில் வெளிக் களஞ்சியம் ஒன்றுகூட இல்லை. வீடியோ அழைப்புக்கான செயலி மட்டும் ஃப்ளாட்ஹப் என்ற செயலிக் கடையிலிருந்து வந்தது, வீட்டுக் கோப்புறையைப் படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டு.