ஐஸ் வைக்காதீங்க: நாகர்கோவிலில் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு ரத்தம் கொடுத்த அனுபவம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அதுவும் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்த பெண்ணுக்காக. முதல் தடவையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. ரத்தம் எடுத்து அனுப்பும் அந்த சென்டரின் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரி நாகர்கோவிலில் நிறைய இருக்கின்றன, எங்கே போனாலும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்.

அக்காவுக்கு 68 வயது, தக்கலைப் பக்கம் வீடு. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 38,000 என்று வந்தது. நான் 31 வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனசு கேட்காமல் பழைய நண்பர் லேபுக்குப் போய், லீஷ்மேன் சாயம் போட்ட ஸ்லைடை நானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் முதிர்ந்த சின்ன லிம்போசைட், வெள்ளை அணுவில் ஒரு வகை. இடையிடையே நசுங்கிப் பரவிய செல்கள், நாங்கள் ஸ்மட்ஜ் செல் என்போம். ரத்தத்தில் ஒரு சொட்டு ஆல்புமின் கலந்து ஸ்லைடு இழுத்தால் அவை நசுங்காமல் நிற்கும். அப்படியும் செய்து பார்த்தேன், அத்தனையும் லிம்போசைட்தான். டாக்டரும் அதையேதான் சந்தேகப்பட்டார்: நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சிஎல்எல். உறுதிப்படுத்த, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

மைக்ராஸ்கோப்பில் பி லிம்போசைட்டும் டி லிம்போசைட்டும் ஒரே முகம். வித்தியாசம் செல்லின் மேல்தோலில் இருக்கும் புரதங்களில். ஒவ்வொரு புரதத்திலும் போய் ஒட்டுகிற மாதிரி ஆன்டிபாடி இருக்கிறது, அதன் முதுகில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் போனாலும் ஒவ்வொன்றும் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்ந்தது என்று மெஷின் குறித்துக்கொள்ளும். அந்தப் புரதங்களுக்குத்தான் சிடி5, சிடி19 என்று எண். 1982-ல் பாரிஸில் கூடி வைத்த முறை. சிடி19 பி செல்லின் அடையாளம், சிடி5 வழக்கமாக டி செல்லுக்கு உரியது. இரண்டும் ஒரே செல்லில் இருந்து, கூடவே சிடி23-யும் இருந்து, பி செல் புரதத்தின் இரண்டு வகையான கப்பா, லாம்டாவில் ஏதாவது ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால், ஊர் முழுக்க ஒரே வீட்டுப் பிள்ளைகள், அதாவது எல்லாம் ஒரே செல்லிலிருந்து பெருகியவை என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நியூபாயர் சேம்பர் என்ற கோடு போட்ட கண்ணாடியில் செல்களைக் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தோம். பார்க்கப் பார்க்க ஆச்சரியம்தான்.

ஆனால் இந்த ஆச்சரியம் எல்லாம் உயிருள்ள செல் போய்ச் சேர்ந்தால்தான். பொதுவான கணக்கு: அறை வெப்பநிலையில் வைக்கணும், 24 மணி நேரத்துக்குள் போனால் நல்லது, 48-ஐத் தாண்டக் கூடாது.

முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். இந்த டெஸ்டுக்கு அது தேவையே இல்லை. அக்கா ஒரு கட்டன் சாயா கூடக் குடிக்காமல் பத்தரை மணி வரை உட்கார்ந்திருந்தாள். சின்னப் பையன் ஒருவன் ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்தான், குத்தியதில் குறை சொல்ல முடியாது. டியூபை இரண்டு ஐஸ் பேக்குக்கு நடுவே செருகி, தெர்மோகோல் பெட்டியை மூடி டேப் ஒட்டினான். குளச்சலில் சாளை மீனுக்கு வைப்பது போல.

"தம்பி, இதுக்கு ஐஸ் வைக்கக் கூடாது."

"எல்லா சாம்பிளும் இப்படித்தான் சார் போகும்."

நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாதாம். திங்கள் புறப்பட்டு செவ்வாய் சென்னை போய்ச் சேர்ந்தது. மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: சாம்பிள் தகுதியில்லை, மறுபடி அனுப்பவும். மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. மறுபடி பணம் கேட்கவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை திங்கட்கிழமை காலையில் நானே பேசி வைத்துவிட்டுப் போனேன். இந்த முறை ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "இது ஃப்ளோவுக்கு, ஐஸ் வேண்டாம்" என்று பேக்கை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். டியூபை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள், குலுக்கவில்லை. லேபிளில் ரத்தம் எடுத்த நேரத்தை எழுதினாள். டிஷ்யூவில் சுற்றி, தனிப் பெட்டியில் வைத்து, சாயம் போடாத ஸ்லைடு இரண்டையும் கூட அனுப்பினாள். "மக்கா, இவளுக்கு வேலை தெரியுது" என்றாள் அக்கா.

புதன் மாலை ரிப்போர்ட் வந்தது. உயிருள்ள செல்களின் விழுக்காட்டை முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், நல்ல பழக்கம். சிடி5, சிடி19, சிடி23, சிடி200 எல்லாம் இருக்கிறது, சிடி20 மங்கல், கப்பா மட்டும். சிஎல்எல்தான். செல்களைப் புள்ளிகளாகக் காட்டும் படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டபோது பேத்தாலஜிஸ்ட் எடுத்துப் பேசினார், அவசரப்படாமல். அதற்கே அரை நட்சத்திரம் கூடுதல். டாக்டர் இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பார்ப்போம் என்றுவிட்டார். ஆரம்ப நிலையில் இந்த நோய்க்கு அதுதான் வழக்கம்.

நட்சத்திரம் குறைந்ததற்கு இன்னொரு காரணம் அவர்கள் மேஜையில் இருந்த நோட்டீஸ். ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள், வரப்போகும் நோயெல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று ஒரு பேக்கேஜ். தொழில்நுட்பம் பொய்யில்லை. ஒரே புரதத்தில் இரண்டு ஆன்டிபாடி ஒட்டும், இரண்டின் வாலிலும் டிஎன்ஏ துணுக்கு இருக்கும், பக்கத்தில் வந்ததும் வால்கள் சேரும், அதை எண்ணிவிடுவார்கள். மக்களின் ரத்தத்தைச் சேமித்து ஆராயும் பிரிட்டனின் யுகே பயோபேங்கில் 54,000 பேரிடம் சுமார் 2,900 புரதங்களை இப்படி அளந்து 2023-ல் வெளியிட்டார்கள். 2025-ல் 6,00,000 சாம்பிள், 5,400 புரதம் என்று அடுத்த கட்டத்தை அறிவித்தார்கள். ஆனால் அது ஆராய்ச்சி. பெரும்பாலும் வருவது ஒப்பீட்டு அளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 126 என்பது போல இவ்வளவுக்கு மேல் போனால் நோய் என்று ஒரு கோடு கிடையாது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம்மூர் டாக்டர் என்ன மருந்து எழுதுவார்? அக்காவும் கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

வண்டி நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் போவது உத்தமம். சனிக்கிழமை போகாதீர்கள். இரண்டாம் தடவை அக்கா பக்கத்துக் கடையில் இரண்டு ரசவடை சாப்பிட்டுவிட்டுத்தான் கையை நீட்டினாள்.