டிஸ்கவரி 3-க்கு ஏஎம்கே ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர்: வாங்கலாம், லீக்கை அடைத்த பிறகு

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்க, கம்பெனி பொருத்தி அனுப்பியது ஹிட்டாச்சி கம்ப்ரஸர். அது போய்விட்டால் மாற்றாகப் பலரும் வாங்குவது ஜெர்மனியின் ஏஎம்கே. டிஸ்கவரி 4-இன் பிந்தைய வண்டிகளில் கம்பெனியே இதற்கு மாறிவிட்டது. ஹிட்டாச்சியைவிடச் சத்தம் குறைவு, உதிரிகள் எளிதில் கிடைக்கும். தரத்தில் நல்ல பொருள்தான். இருந்தும் "புதுசு போட்டு ஆறு மாசம்கூட ஆகல, மறுபடியும் போச்சு" என்ற புலம்பல் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறது. காரணம் பெரும்பாலும் கம்ப்ரஸரில் இருக்காது. பழையதைக் கொன்ற அதே காற்று லீக் புதியதையும் கொன்றிருக்கும்.

கம்ப்ரஸரின் வாயில் டிரையர் ஒன்று இருக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். உள்ளே போகும் காற்று அவற்றின் வழியே காய்ந்து போகும். வண்டியைத் தாழ்த்தும்போது அந்தக் காய்ந்த காற்று அதே வழியில் திரும்பி வந்து, மணிகளிலுள்ள ஈரத்தை வெளியே தள்ளிவிடும். லீக் இருந்தால் காற்று ஓட்டை வழியே போய்விடுகிறது, டிரையர் பக்கம் திரும்புவதில்லை. ஈரம் மணிகளிலேயே தங்கிவிடும். கடலோர ஊர்களின் புழுக்கக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்படிக் கெட்ட டிரையரைத் திறந்தால் மணிகள் நனைந்த ஜவ்வரிசி போல ஒட்டிக் கிடக்கும், அடியில் கோலமாவு போல வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அந்தத் தூள் கம்ப்ரஸரிலிருந்து காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வில் சிக்கும், காற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக்குக்குள்ளும் போகும். இன்னொரு பக்கம், லீக்கை ஈடுகட்ட மோட்டார் ஓயாமல் ஓடுவதால் பிஸ்டன் ரிங் தேய்கிறது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி செலவழியுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து சஸ்பென்ஷனைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு-வின் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஃப்யூஸ் இருந்தால், வண்டி பூட்டிக் கிடக்கும்போதும் ஈசியு இடையிடையே விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் வண்டி முழுக்கத் தாழ்ந்து நிற்கும், எந்த மூலை லீக் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஃப்யூஸை எடுத்துவிட்டால் குற்றவாளி மூலை மட்டும் இறங்கியிருக்கும். ஒரு மூலை என்றால் அங்கே காற்றுப் பை உள்ள ஸ்ட்ரட்டையும் அதற்குப் போகும் குழாய் இணைப்பையும் பாருங்கள். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் முன் வால்வ் பிளாக் மேல் சந்தேகம். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவினால் போதும், நுரை காட்டிக்கொடுத்துவிடும். நான்கும் அப்படியே நின்றும் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது என்றால் காற்றைச் சேமிக்கும் டாங்கான ரிசர்வாயர் பக்கத்தையும் எக்ஸாஸ்ட் வால்வையும் சோதிக்க வேண்டும்.

கம்ப்ரஸர் ஓடவே இல்லை என்றால் அதை உடனே குறை சொல்லாதீர்கள். என்ஜின் அறையிலுள்ள 60 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே, பிறகு மோட்டாருக்கு வரும் வோல்டேஜ் என்ற வரிசையில் போங்கள். ரிலே மின்சாரம் விடும்போதே கனெக்டரில் அளக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வயரிலோ எர்த்திலோ தகராறு. சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேயின் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். நல்ல மோட்டாரையும் எரித்துவிடுவது இந்தச் சின்னப் பொருள்தான். கம்ப்ரஸரோடு ரிலேயையும் மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஸ்கேனரில் வரும் பிழைக் கோடுகளில் (code) இரண்டு முக்கியம். சி1ஏ20 வந்தால் ரிசர்வாயர் நிரம்பும் வேகம் போதவில்லை: தேய்ந்த ரிங், அடைத்த காற்று ஃபில்டர் அல்லது லீக். சி1ஏ13 வந்தால் காற்றை வெளியேற்றும்போது அழுத்தம் குறையவில்லை. எக்ஸாஸ்ட் வால்வோ கம்ப்ரஸரின் சைலன்சரோ தூளால் அடைத்திருக்கும். இதற்கு முழு கம்ப்ரஸரையும் மாற்றத் தேவையில்லை. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிரையர் மணிகளை மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். மணிகளுக்குப் பதில் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல்லைக் கொட்டாதீர்கள், நொறுங்கித் தூளாகி நிலைமை முன்னைவிட மோசமாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால் ஏஎம்கே வாங்குங்கள். ஹிட்டாச்சி இருந்த வண்டிக்கு முழு கிட்டாகவே வாங்க வேண்டும், ஏனென்றால் வெறும் கம்ப்ரஸர் பழைய பிராக்கெட்டில் உட்காராது. பிராக்கெட், ரப்பர் மவுண்ட், சத்தம் தடுக்கும் கவர், குழாய் எல்லாம் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஈசியு-வில் ஏஎம்கே-க்கான சாஃப்ட்வேரை ஏற்றுவதும் கட்டாயம். மோட்டாரின் சூட்டையும் ஓட்ட நேரத்தையும் கணக்குப் போடுவது அதுதான். ஏற்றாவிட்டால் நல்ல கம்ப்ரஸருக்கும் கோடு வந்துகொண்டே இருக்கும்.

கம்ப்ரஸர் இருப்பது இடதுபுறம், பின்சக்கரத்துக்கு முன்னால், சேஸிஸுக்கு வெளிப்பக்கம். சேறு அப்பும் இடம். கழற்றும் முன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது, காற்று இறங்கினால் வண்டி உட்கார்ந்துவிடும். ஸ்கேனரால் அழுத்தத்தை இறக்கிய பிறகே குழாய் நட்டைத் தொடுங்கள். நைலான் குழாயின் நுனியைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, புது ஃபிட்டிங்கில் அடிவரை அழுத்துங்கள். பிளையரால் வெட்டினால் நுனி நசுங்கும், அங்கேயே அடுத்த லீக் பிறக்கும்.

பெயரில்லாத மலிவு காப்பிகளில் மவுண்ட் ரப்பரும் டிரையரும்தான் முதலில் காலை வாருகின்றன. அதற்குக் கொடுக்கும் காசில் ரிங், சிலிண்டர் லைனர் கொண்ட ரிப்பேர் கிட்டை வாங்கி, மோட்டார் நன்றாக உள்ள பழையதைச் சீர்செய்வது மேல். மோட்டார் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மட்டும் அந்த வழி வேண்டாம்.

பொருத்திய பிறகு உயரக் காலிப்ரேஷன் என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உயர சென்சரையோ ஈசியு-வையோ மாற்றினால்தான் அது தேவை. என்ஜினை ஓடவிட்டு, ஆஃப்ரோடு உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். சாதாரண நிலையைவிட 55 மில்லிமீட்டர் ஏறவேண்டும். பிறகு முன்பு போலவே ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ராத்திரி அளவை இன்னொரு முறை எடுத்துவிடுங்கள்.