மேசைப் பயிற்சியா, முழு ஒத்திகையா?

ஒரே நேரத்தில் நூறு பேர் காயத்தோடு வந்து இறங்கினால் என்ன செய்வது? இதை மருத்துவமனை ஊழியர்களுக்குக் கற்றுத்தர மேசைப் பயிற்சி போதும் என்பார்கள் சிலர். நோயாளிகளாக நடிப்பவர்களை வைத்து நிஜம்போலவே செய்துபார்க்கும் முழு ஒத்திகைதான் வேண்டும் என்பார்கள் வேறு சிலர்.

மேசைப் பயிற்சிக்கு ஓர் அறையும் சில அட்டைகளும் போதும். ஒருவர் நிலைமையைக் கட்டம் கட்டமாக வாசிப்பார். "ரத்த வங்கிக்கு யார் போன் செய்வது?" என்று கேட்டதும் மூன்று துறைத் தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த ஓட்டை அங்கேயே வெளிப்பட்டதே பெரிய லாபம். ஆனால் கைக்கு அதில் பழக்கம் கிடைக்காது.

கை பழக வேண்டியதோ நிறைய. 1983-இல் கலிஃபோர்னியாவில் உருவான 'ஸ்டார்ட்' ட்ரையாஜ் முறையை, அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று வண்ண அட்டை மாட்டிப் பிரிக்கும் முறையை, படிக்க ஐந்து நிமிடம் போதும். நடக்கக்கூடியவருக்குப் பச்சை, அவர் காத்திருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் சிவப்பு, உடனே கவனிக்க வேண்டும். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு, அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். இந்தக் கறுப்பு அட்டையில்தான் நல்ல நர்ஸ்கள்கூடத் தடுமாறுகிறார்கள். வருடக்கணக்கில் சிபிஆர் (நின்ற இதயத்துக்கான முதலுதவி) செய்து பழகிய கை, தானாக மார்பை அழுத்தப் போய்விடும். அதற்குள் அடுத்த ஸ்ட்ரெச்சரில் சத்தமே போடாமல் ஒருவர் ரத்தம் இழந்துகொண்டிருப்பார். எழுந்து அவரிடம் போகும் மனத்திடம் முழு ஒத்திகையில்தான் வரும்.

கணினிக் காட்சியைக் கண்முன் நிஜம்போலக் காட்டும் மெய்நிகர் (விஆர்) கண்ணாடி மாட்டிச் செய்யும் பயிற்சியில் இந்த முடிவெடுப்பைப் பலமுறை பழகலாம். ஸ்ட்ரெச்சரின் கனம் மட்டும் அதில் தெரியாது.

முழு ஒத்திகையிலும் குறை உண்டு. தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நோயாளிகளும் ஆம்புலன்ஸில் வரிசையாக வருகிறார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு பரவியபோது செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் ஆம்புலன்ஸில் வரவில்லை. நடந்தும் டாக்ஸி பிடித்தும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் உடையில் தங்கிய நச்சு ஊழியர்களையும் பாதித்தது. வாசலிலேயே உடை மாற்றி உடலைக் கழுவும் ஏற்பாட்டைச் சேர்க்காத ஒத்திகை, ஊழியர்களையே ஆபத்தில் தள்ளும்.

என்னைக் கேட்டால், முதலில் மேசைப் பயிற்சி. அதில் தெரிந்த ஓட்டைகளை அடைத்த பிறகு சின்ன ஒத்திகை: ஒரே ஒரு வார்டு, பத்து 'நோயாளிகள்', அரை மணி நேரம், அதுவும் சொல்லாமல், இரவுப் பணியில். ஆள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். சிக்கிய ஒவ்வொரு தவறுக்கும் எதிரே, அதைச் சரிசெய்பவர் பெயரையும் முடிக்கும் தேதியையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.