1883 சான்பிரான்சிஸ்கோ மார்கன் டாலர்: தேய்ந்த காசைப் புதுக்காசு என்று விற்றார்கள்

மார்கன் வெள்ளி டாலர்களைச் சேகரிப்பவர்கள், குறிப்பாக அமெரிக்காவில் இருந்துகொண்டு வார இறுதி நாணயக் கண்காட்சிகளில் நேரடியாக வாங்குபவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நான் ஏமாந்தது போலிக் காசில் அல்ல, அசல் காசில்.

1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921-லும் அடிக்கப்பட்ட இந்த டாலர்களில் எது அரிது என்பதை, அடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 1918-ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. தப்பியவற்றுள் ஏராளமானவை ஆயிரம் ஆயிரமாக மூட்டை கட்டப்பட்டுக் கருவூலத்தில் கிடந்து, 1960-களின் தொடக்கத்தில்கூடப் புத்தம்புதிதாக வெளியே வந்தன. சான்பிரான்சிஸ்கோவில் 1881-இல் அடித்த டாலர் அப்படித்தான் தப்பியது. அதைக் கைபடாத நிலையிலேயே இன்றும் எளிதாக வாங்கலாம். அதே அக்கசாலை 1883-இல் 62 லட்சத்து 50 ஆயிரம் டாலர்கள் அடித்திருந்தும், புழக்கத்தில் தேயாமல் நம் காலம் வரை வந்தவை மிகக் குறைவு. ஆகவே தேய்ந்த காசுக்கு ஒரு விலை, தேயாத காசுக்கு அதைப்போல் பல மடங்கு விலை. எழுபது வரை எண்ணும் தர அளவையில் 58 என்பது சற்றே தேய்ந்த காசு, 60-உம் அதற்கு மேலும் தேயாத காசு. அந்தச் சிறு இடைவெளியில் புகுந்துதான் என்னை ஏமாற்றினார்கள்.

ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்த கண்காட்சியில், பல ஆண்டுகளாகத் தொழிலில் இருப்பதாகச் சொன்ன வணிகர் ஒருவர், தரச்சான்றுப் பெட்டியில் (தரம் பார்க்கும் நிறுவனம் தரத்தைக் குறித்து, காசை உள்ளே வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி) இல்லாத 1883 டாலர் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காட்டி, தயங்காமல் 63 தரம் பெறும் என்றார். கையோடு கொண்டுபோயிருந்த தராசில் நிறுத்தேன், 26.7 கிராம் இருந்தது. விட்டமும் 38.1 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. பின்புறத்தில் மாலை முடிச்சுக்குக் கீழே சான்பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் எஸ் எழுத்தும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. முன்புறத்தில் உள்ள பெண் தலையில், காதுக்கு மேலுள்ள கூந்தல் மழுங்கியிருக்கிறதே என்று கேட்டபோது, அடிக்கும்போது அச்சு சரியாக அழுந்தவில்லை என்று விளக்கம் சொன்னார். அதை நம்பி 1,900 டாலர் கொடுத்தேன்.

வீட்டில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை மேசை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. தேயாத காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் சுழன்று வரும். இதிலோ நான் எப்படித் திருப்பினாலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான வெள்ளைப் பளபளப்பு அசையாமல் நின்றது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில், கன்னத்தின் குறுக்கே மயிரிழைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் ஓடின. எழுத்துகளின் ஓரத்தில் வெள்ளி தள்ளப்பட்டு மெல்லிய வரப்பாகத் திரண்டிருந்தது. சுழலும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் செயற்கையாக மெருகேற்றியதற்கு அதுவே அடையாளம். கூந்தலும் பின்புறத்துக் கழுகின் மார்பும் மழுங்கியிருந்தது அச்சுக் குறையாலும் அல்ல. அச்சு அழுந்தாத இடத்தில், அடிப்பதற்கு முன்பு வெறும் தகட்டில் இருந்த சொரசொரப்பு மிச்சமிருக்கும். இங்கே வழவழப்பாக இருந்தது. மேலும், நியூ ஆர்லியன்சு அக்கசாலைக் காசுகளில் அடிக்கடி காணும் அச்சுக் குறையைச் சான்பிரான்சிஸ்கோ காசுக்குக் காரணமாகச் சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

தரச்சான்றுக்கு அனுப்பினேன். மேற்பரப்பு மாற்றப்பட்டது, எண் தரம் வழங்க இயலாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வணிகரை அழைத்தால், ரசீதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அதில் ஆண்டும் அக்கசாலையும் விலையும் மட்டுமே இருந்தன. வாயால் சொன்ன 63 எங்கும் இல்லை. அடியில் சிறிய எழுத்தில், விற்றதைத் திரும்பப் பெறுவதில்லை என்று அச்சிட்டிருந்தது. ஒரு டாலர்கூடத் திரும்ப வரவில்லை.

விலை வேறுபாடு இவ்வளவு பெரிதாக உள்ள ஆண்டுக் காசுகளைச் சான்றுப் பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியில் இருந்தாலும் போலிப் பெட்டிகள் உலவுவதால், சான்று எண்ணை, தரச்சான்று வழங்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி தளங்களில் சரிபார்த்து, அங்கே படம் இருந்தால் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி இல்லாததை வாங்கியே ஆகவேண்டுமென்றால், சொல்லும் தரத்தையும், சான்று கிடைக்காவிட்டால் பணம் திருப்பித் தருவதாக ஒரு வரியையும் ரசீதில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். போன மாதம் அதே வணிகரின் மேசையில், தேயாத நிலையில் இதைவிடப் பன்மடங்கு அரிதான 1884 சான்பிரான்சிஸ்கோ டாலர் ஒன்று, அதே மாதிரி மெல்லிய உறையில் கிடந்ததைப் பார்த்தேன்.