பேக்கப்பில் என்எஃப்எஸ் வேண்டாம்: ஆர்சிங்க் 'ஒன்-ஃபைல்-சிஸ்டம்' பல வருட அனுபவம்

எங்கள் லினக்ஸ் சர்வர்களின் இரவு பேக்கப் பல வருடமாக, ஃபைல்களை நகலெடுத்து ஒத்திசைக்கும் கருவியான ஆர்சிங்க்கில்தான் ஓடுகிறது. அதில் நான் விட்டுக்கொடுக்காத ஆப்ஷன் 'ஒன்-ஃபைல்-சிஸ்டம்', சுருக்கமாக மைனஸ் எக்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் டைரக்டரியில் தொடங்கினால், அது இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை விட்டு ஆர்சிங்க் வெளியே போகாது. என்எஃப்எஸ், சம்பா என நெட்வொர்க் வழியாக மவுண்ட் ஆனவை, அதாவது வேறு சர்வரிலிருந்து இங்கே ஒரு டைரக்டரியில் இணைக்கப்பட்டவை, எல்லாம் தானாகவே விடுபட்டுவிடும்.

பாதைகளை ஒவ்வொன்றாக எக்ஸ்க்ளூட் பட்டியலில் எழுதும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக ஒரு ஷேரை (நெட்வொர்க்கில் பகிரப்பட்ட டைரக்டரி) மவுண்ட் செய்பவர் பேக்கப் பார்ப்பவரிடம் சொல்ல மாட்டார். விளைவு, ஸ்டோரேஜில் ஒரே ஒரு முறை இருக்கும் டேட்டா, அதை மவுண்ட் செய்த ஒவ்வொரு சர்வரின் பேக்கப்பிலும் ஏறிவிடும். இன்னும் மோசம்: மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் 'டெலீட்' ஆப்ஷனோடு ஓடும்போது அந்த ஷேர் மவுண்ட் ஆகாமல் இருந்தால், ஆர்சிங்க் கண்ணுக்கு அது காலி டைரக்டரி. பழைய நகலையும் அழித்துவிடும்.

இடம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தொங்கிப்போவதுதான் பெரிய தொல்லை. என்எஃப்எஸ்ஸின் இயல்புநிலை 'ஹார்ட்' மவுண்ட். அந்தப் பக்கம் சர்வர் விழுந்தால் இந்தப் பக்கம் பிழைச் செய்தி வராது. பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். புராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்தால், பதிலுக்காகக் காத்திருக்கும் 'டி' நிலையில் ஆர்சிங்க் நிற்பது தெரியும். லாகில் ஒரு வரியும் நகராது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் அடித்தால் அதுவும் சேர்ந்து நிற்கும்.

மைனஸ் எக்ஸ் மட்டும் இதை முழுதாகத் தீர்க்காது. மவுண்ட் பாயிண்ட் வேறு டிவைஸா என்று தெரிந்துகொள்ள அதை ஒருமுறை ஸ்டாட் செய்தாக வேண்டும் (அதன் விவரங்களைக் கேட்பது), அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். எனக்குக் கைகொடுத்தது, ஒரு டைரக்டரியை இன்னொரு இடத்திலும் தெரியவைக்கும் பைண்ட் மவுண்ட்தான். ரூட்டைத் தனி டைரக்டரி ஒன்றில் பைண்ட் செய்து, அங்கிருந்து பேக்கப் எடுக்கிறேன். சாதாரண பைண்ட் உள்மவுண்ட்களைக் கூட இழுத்து வராது. என்எஃப்எஸ் பக்கமே போக வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: ஷேர் மவுண்ட் ஆகாத நேரத்தில் லோக்கல் டிஸ்க்கில் எழுதப்பட்டு, அப்புறம் மவுண்டுக்கு அடியில் மறைந்துபோன ஃபைல்கள் இதில் தெரியும். டிஸ்க் ஏன் நிரம்பியது என்ற கேள்விக்குப் பலமுறை விடை அங்கேதான் கிடைத்தது.

சரி, குறை? பூட், ஹோம் தனிப் பார்ட்டிஷன் என்றால் அவையும் சத்தமில்லாமல் விடுபடும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்குள் இருக்கும் சப்வால்யூம் என்ற தனிப் பிரிவும் அப்படித்தான். எனவே ஒவ்வொரு லோக்கல் ஃபைல் சிஸ்டத்தையும் பெயர் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். ஷேரில் உள்ள டேட்டாவுக்கு அந்த ஸ்டோரேஜ் சர்வரிலேயே பேக்கப் ஓட வேண்டும். கிளையண்டின் ரூட் பயனரைச் சாதாரணப் பயனராக நடத்தும் ரூட் ஸ்குவாஷ் இருக்கும் இடத்தில் கிளையண்டிலிருந்து எடுத்தால் பாதி ஃபைல்களுக்கு அனுமதியே கிடைக்காது.

எக்ஸை இரண்டு முறை போட்டால் மவுண்ட் பாயிண்ட் டைரக்டரியையும் ஆர்சிங்க் விட்டுவிடும். நான் ஒன்றோடு நிறுத்துகிறேன். ரீஸ்டோர் ஆனதும் மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் உள்ள ஷேர்கள் மவுண்ட் ஆக அந்தக் காலி டைரக்டரிகள் வேண்டும்.