சந்தேகம் வந்தால் எங்கே போவது? சாதாரண தரப் பிள்ளைகளுக்கான நான்கு வழிகள்

திருகோணமலையில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு வழிகள் உண்டு: ரியூசன் வகுப்பு, கையிலுள்ள போன், அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல், உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா. எது சிறந்தது என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்.

கணிதத்தில் என் வாக்கு அக்காவுக்குத்தான். 20% இலாபத்தில் ஒரு பொருள் 600 ரூபாய்க்கு விற்கப்பட்டால் வாங்கிய விலை என்ன? பல பிள்ளைகள் 600இல் 20% எடுத்து, 120ஐக் கழித்து, 480 என்று எழுதுவார்கள். போன் 500 என்று சரியான விடையைக் காட்டும். பிள்ளையும் தன் விடையை வெட்டிவிட்டு அதை எழுதிக்கொள்ளும். அடுத்த கணக்கில் அதே பிழை மீண்டும் வரும். அக்கா கொப்பியைப் பார்த்து, "இந்த 120 எப்படி வந்தது?" என்று கேட்பாள். இலாபவீதம் வாங்கிய விலைமீது கணிக்கப்படுவது, 600 என்பது அதன் 120% என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மண்டையில் ஏறும்.

விஞ்ஞானத்தில் போனைக் குறை சொல்ல மாட்டேன். கடற்காற்று பகலில் ஏன் கரைநோக்கி வீசுகிறது என்பதை, டச்பே கடற்கரையில் பின்னேரம் காற்று வாங்கும் பிள்ளைக்கும் ஒரு அசைபடம் நன்றாகவே விளக்கிவிடும். ஆனால், நிலம் ஏன் கடலைவிட விரைவாகச் சூடாகிறது என்று வினாத்தாள் கேட்டால், நீரின் தன்வெப்பக் கொள்ளளவு அதிகம், அதாவது அதே அளவு சூடாக நீருக்கு அதிக வெப்பம் வேண்டும் என்று எழுத வேண்டும். அம்புக்குறிகளை மட்டும் பார்த்த பிள்ளை அங்கே தடுமாறும். காணொளி நம் பாடத்திட்டத்துக்குரியதா, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குரியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றுக்குப் பாடநூலே போதும், போன் வேண்டாம். பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றிய ஆண்டு எது? 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனிடம் பறிகொடுத்தார்கள். பின்னர் அது ஒல்லாந்தரிடம் திரும்பிப்போய், 1795இல் மறுபடியும் பிரித்தானியர் வசமானது. போன் இரண்டில் எந்த ஆண்டைச் சொன்னாலும் பொய்யில்லை. ஆனால் கரையோர ஆட்சி கைமாறியதைப் பற்றிய வினாவுக்கு உரியது 1795தான். அது எந்தக் கதையின் எந்தக் கட்டம் என்பது பாடநூலை வரிசையாக வாசித்தவனுக்கே பிடிபடும்.

தமிழ் இலக்கணத்துக்கு மட்டும் இந்த நான்கையும் விட்டுவிடுங்கள்; இரண்டாம் பேச்சே இல்லை, பள்ளிக்கூடத்துத் தமிழ் ஆசிரியர்தான்.

ரியூசனை ஏன் கடைசியில் வைத்தேன்? மண்டபம் நிறைந்த வகுப்பில் கையை உயர்த்திக் கேட்கக் கூச்சப்படாத பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை. வேகமாகப் பாடம் முடிக்கவும், கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகவும் அது நல்ல இடம்; காசு கட்டுவது அதற்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தை அங்கேதான் கேட்டாக வேண்டுமென்றால், வகுப்பு முடிந்து ஆசிரியர் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்கு முன் வாசலில் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த வரியில் சிக்கினீர்கள் என்பதைக் கொப்பியில் கோடிட்டுக் கொண்டுபோனால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.